ஊதா வளையம்

சோதனைக் குழாயில் ஐந்து மில்லி சிறுநீர். அதில் அம்மோனியம் சல்பேட் உப்பைப் போட்டுக் குலுக்க வேண்டும், இனிமேல் கரையாது என்று அடியில் தங்கும்வரை. பிறகு சோடியம் நைட்ரோபுரூசைடு படிகம் ஒன்று, அரை மிளகு அளவுக்கு. மறுபடி குலுக்கி, குழாயைச் சாய்த்துப் பிடித்து, லிக்கர் அம்மோனியாவைச் சுவரோரமாக வழியவிட வேண்டும். அதன் நெடியில் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் பெர்மாங்கனேட் நிறத்தில் ஊதா வளையம் எழும்பினால் அசிட்டோன் இருக்கிறது. எழும்பாவிட்டால் சீட்டில் ‘நில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ரோத்தரா சோதனை என்று இதற்குப் பெயர். 1991இல் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது நான் தனியாகச் செய்த முதல் சோதனைகளில் இது ஒன்று. சர்க்கரை நோயாளிகளுக்கும் செய்வோம். ஆனால் காலை எட்டரைக்கு ஆயா கொண்டுவந்து வைக்கும் பாட்டில்களில் நான் முதலில் தேடியது பிரசவ வார்டின் பாட்டில்களை. பார்த்ததும் தெரிந்துவிடும். மற்றவை வைக்கோல் நிறத்தில் இருக்கும். இவை கடுங்காப்பி மாதிரி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும். ஒரு இரவு முழுக்க ஒரு பெண்ணின் உடம்பு சேர்த்துக் கொடுத்தது அவ்வளவுதான்.

மசக்கை எல்லோருக்கும் தெரிந்தது. பத்துக் கர்ப்பிணிகளில் ஏழு பேருக்காவது குமட்டல் இருக்கும். காலையில் இரண்டு முறை வாந்தி, மாங்காய்த் துண்டு, எலுமிச்சை மணம், மூன்றாம் மாதம் முடிந்தால் சரி. நான் சொல்வது அதை அல்ல. நூறு பேரில் ஒருவர் இருவருக்கு வரும் வேறொன்றை. எச்சிலை விழுங்க முடியாமல் பக்கத்தில் டம்ளர் வைத்துத் துப்பிக்கொண்டே இருப்பவர்கள். தண்ணீரின் வாசனை தாங்காதவர்கள். நாளுக்கு முப்பது முறை ஓங்கரித்து, பித்தம் வந்து, பிறகு ரத்தக்கோடு வந்து, எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கரைந்தவர்கள். மருத்துவத்தில் ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம். கேஸ் ஷீட்டில் இருந்த அந்தப் பெயர் வார்டில் யார் வாயிலும் வராது. அங்கேயும் ‘மசக்கை கேஸ்’தான். அந்த ஒரு சொல் எவ்வளவு கெடுதல் செய்தது என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மசக்கைக்கு யார் இரங்குவார்கள்? “நாங்கல்லாம் பிள்ளை பெக்கலியா?” என்று கட்டிலைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் கேட்பார்கள்.

1998இல் ஒரு பெண் வந்தாள். பீடி சுற்றுகிற குடும்பம். இருபத்திரண்டு வயது இருக்கும், தலைச்சன் பிள்ளை. வீடு முழுக்கப் புகையிலைத் தூள், அந்த வாசனை பொறுக்காமல் தெருத் திண்ணையில் படுத்துக் கிடந்தாளாம். மருத்துவமனையில் ட்ரிப்ஸ் போட்டார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் வந்தது. வளையம் இல்லை. ‘நில்’ எழுதினேன். அசிட்டோன் போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பினார்கள். பத்து நாளில் திரும்ப வந்தாள். மறுபடி இரண்டு நாள் குளுக்கோஸ், மறுபடி நில், மறுபடி வீடு. ரிப்போர்ட் வாங்க அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு லேப் ஜன்னலுக்கு வந்தாள். “எக்கா, ரிப்போர்ட்ல என்ன இருக்கு? எனக்கு இன்னும் நிக்கலியே” என்றாள். “எல்லாம் நார்மலா இருக்கும்மா. மனசைத் தைரியமா வச்சுக்கோ” என்றேன். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன்.

மூன்றாவது முறை அவள் வந்தது வேறு காரணத்துக்கு, ஹீமோகுளோபின் பார்க்க. வயிற்றில் பிள்ளை இல்லை. “கலைச்சிட்டேங்கா. செத்துப்போறதுக்கு அது தேவலைன்னு தோணிச்சு” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவள் விரலைப் பிடித்து ஊசியால் குத்தி, ரத்தத்தை உறிஞ்சி, வேலையைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த ‘நில்’ பற்றி இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு உள்ளே போகாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கிறது, அதன் மிச்சமாகக் கீட்டோன்கள் வருகின்றன. அவற்றில் மூன்று வகை. பட்டினியில் அதிகம் சேர்வது பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட். ரோத்தரா சோதனைக்கு அது கண்ணிலேயே படாது. மற்ற இரண்டைத்தான் காட்டும். இன்னொன்று, குளுக்கோஸ் ஏற ஆரம்பித்தால் உடம்பு கொழுப்பை எரிப்பதை நிறுத்திவிடும், வளையமும் மறைந்துவிடும். வாந்தி நின்றதால் மறைவதில்லை, குளுக்கோஸ் போனதால் மறைகிறது. ஊசியை எடுத்து வீட்டுக்கு அனுப்பினால் மறுநாள் பழைய கதைதான். 2024இல் பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி தன் வழிகாட்டு நெறியில் தெளிவாகவே எழுதிவிட்டது: சிறுநீரில் கீட்டோன் இருப்பது நீரிழப்பின் அடையாளம் அல்ல, நோயின் கடுமையை அதை வைத்து எடைபோடக் கூடாது. நான் ஓய்வுபெற்ற வருடம் அது. அதுவரைக்கும் எத்தனை ஆயிரம் குழாய்களைச் சாய்த்துப் பிடித்திருப்பேன்!

வளையத்தை விட்டுவிட்டு ஹார்மோனுக்கு வருகிறேன். என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி, இந்த வாந்திக்குக் காரணம் எச்.சி.ஜி. என்றே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கரு ஒட்டியதும் நஞ்சுக்கொடித் திசு சுரக்கிற ஹார்மோன். சேர்ந்த புதிதில் அதைக் கிராவிண்டெக்ஸ் என்ற கண்ணாடித் தட்டுச் சோதனையில் பார்த்தோம். துகள்கள் திரளாமல் பால்போல இருந்தால் கர்ப்பம். பிறகு கார்டு டெஸ்ட், 2003 வாக்கில் எலைசா, 2012இல் தானியங்கி இயந்திரம். அப்போதுதான் ‘உண்டு, இல்லை’ போய் எண்ணாக வந்தது.

எச்.சி.ஜி.மேல் சந்தேகம் விழுந்தது நியாயமே. நாள் தள்ளிப்போன முதல் வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். ஒன்பது, பத்தாம் வாரத்தில் உச்சம். பிறகு இறங்கும். வாந்தியும் ஏறக்குறைய அதே ஏற்ற இறக்கத்தில் போகும். இரட்டைப் பிள்ளை என்றால் ஹார்மோனும் அதிகம், வாந்தியும் அதிகம். முத்துப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

முத்துப்பிள்ளை என்று நம் மருத்துவச்சிகள் வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். கரு வளராமல், நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர்கோத்த முத்துகளாகக் கொத்துக் கொத்தாகப் பெருகும் கர்ப்பம். ஒருமுறை பன்னிரண்டு வாரக் கணக்கில் ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வாரம் போல வயிறு, ஓயாத வாந்தி. கார்டு டெஸ்டில் கோடு இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படி மங்கலாக விழுந்தது. ‘நெகட்டிவ்’ என்று எழுதியிருக்கலாம். என் சீனியர் அண்ணன் ஒருவர் அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு, “சிறுநீரை நூறு மடங்கு நீர்க்கவிட்டுத் திரும்பப் போடுங்கம்மா” என்றார். போட்டேன். அடர்ந்த கோடு விழுந்தது.

காரணம் இதுதான். கார்டில் கோடு தெரிய ஒவ்வொரு ஹார்மோன் மூலக்கூறையும் இரண்டு எதிர்ப்பொருள்கள் இரண்டு பக்கம் பிடிக்க வேண்டும். ஒன்று அட்டையில் ஒட்டியிருப்பது, இன்னொன்று நிறம் சுமந்து வருவது. ஹார்மோன் அளவுக்கு மீறி வெள்ளமாக வந்தால் ஆளுக்கொன்றைத் தனித்தனியே பிடித்துக்கொண்டு விடும், இரண்டையும் இணைக்கும் பாலம் அமையாது. மிக அதிகமாக இருப்பதே இல்லாதது போலக் காட்டிவிடும். ஸ்கேனில் முத்துப்பிள்ளை உறுதியாயிற்று. சுத்தம் செய்த மறுநாளே அவள் வாந்தி நின்றது. அன்று நான் எச்.சி.ஜி.தான் குற்றவாளி என்று முழுமனதாக நம்பினேன்.

நம்பிக்கை குலைந்தது இயந்திரம் வந்த பிறகு. எண்கள் கையில் கிடைத்ததும் ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்பதாம் வாரத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் எச்.சி.ஜி. உள்ள பெண் வராந்தாவில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அதே வாரம், அதில் பாதிகூட இல்லாதவள் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக்கிடப்பாள். ஒன்று இரண்டு என்றால் விட்டுவிடலாம். வருடக்கணக்கில் அப்படித்தான் இருந்தது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளும் இப்படியே முன்னுக்குப் பின் முரணாக இருந்தன என்று பின்னால் படித்தேன். ஈஸ்ட்ரோஜனையும் பார்த்தார்கள், புரோஜெஸ்டிரோனையும் பார்த்தார்கள். எதுவும் கட்டிலில் கிடப்பவளையும் வராந்தாவில் இருப்பவளையும் பிரித்துக் காட்டவில்லை.

எச்.சி.ஜி. நிச்சயமாகச் செய்கிற ஒரு வேலை உண்டு. அதன் ஆல்ஃபா சங்கிலியும் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்.சின் ஆல்ஃபா சங்கிலியும் ஒன்றே. அதனால் எச்.சி.ஜி. மிகும்போது தைராய்டின் கதவை அதுவும் தட்டும். தைராக்ஸின் ஏறும், டி.எஸ்.எச். பாதாளத்துக்கு இறங்கும். இந்த நோயில் கிடப்பவர்களில் பலருக்கு இப்படி ஆகிறது. 0.01 என்று இயந்திரம் காட்டியதும் பயந்துபோய் தைராய்டை அடக்கும் மாத்திரை ஆரம்பித்து எங்களிடம் அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் வீக்கமில்லை, எதிர்ப்பொருள் இல்லை, முன்பு நோயும் இல்லை என்றால் அதைத் தொட வேண்டியதில்லை. ஐந்தாம் மாதத்துக்குள் தானே சரியாகிவிடும். எங்கள் மகப்பேறு மருத்துவர் அம்மா இந்த ரிப்போர்ட் வந்தால் லேபுக்குப் போன் செய்து, “எச்.சி.ஜி. எவ்வளவு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

புரதத்தில் நான் கற்ற பாடம் வேறு. இந்தப் பெண்களின் ரத்தத்தைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் குழாயில் சிவப்பணுக்கள் கெட்டியாக நிற்கும், மேலே சீரம் கொஞ்சமாகத்தான் பிரியும். ஹீமோகுளோபின் 13 இருக்கும். ஆல்புமின் 4 இருக்கும். நம் ஊர்க் கர்ப்பிணிக்கு இது பொறாமைப்படும்படியான எண். சீட்டைப் பார்க்கிறவர்கள் ‘நல்ல ஊட்டமா இருக்காளே’ என்பார்கள். இரண்டு நாள் சலைன் ஏறிய பிறகு அதே பெண்ணின் ஹீமோகுளோபின் 9.5, ஆல்புமின் 2.8. இரண்டு நாளில் யாரும் அவள் புரதத்தைத் திருடவில்லை. முதல் நாள் ரத்தத்தில் நீரே இல்லை. அதனால் இருந்த கொஞ்சமும் அடர்ந்து நிறைவாகத் தெரிந்தது. குளத்தில் தண்ணீர் வற்றினால் மீன் கூட்டமாகத் தெரிவது போல. இதைப் புரிந்துகொண்ட பிறகு முதல் நாள் ரிப்போர்ட்டின் ஓரத்தில் ‘நீரேற்றத்துக்குப் பின் திரும்பப் பார்க்கவும்’ என்று பென்சிலால் எழுதி அனுப்புவதை வழக்கமாக்கினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

2009இல் நடந்ததை எழுதாமல் விட முடியாது. பதினான்கு வாரக் கர்ப்பிணி. வேறொரு இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் தினமும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் போட்டிருக்கிறார்கள். கூட்டி வரும்போது நடை தள்ளாடியது. கண்மணி இரண்டும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. புருஷன் பேரைக் கேட்டால் யோசித்தாள். “பேய் பிடிச்சிருக்கோன்னு கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனோம்” என்றார் கூட வந்தவர். எனக்கு வந்த ரத்தத்தில் சோடியம் 124, பொட்டாசியம் 2.4. மாதிரியில் கோளாறோ என்று இரண்டு முறை ஓட்டினேன். அதே எண். மாடிப்படி ஏறி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டூட்டியில் இருந்த டாக்டர் அம்மா எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார். தயமின், அதாவது வைட்டமின் பி1, உடம்பில் சில வாரத்துக்கான கையிருப்புதான் இருக்கும். வாந்தியில் வரவு நின்றுவிட்டது. குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாட்டில் குளுக்கோஸும் மிச்சமிருந்ததையும் செலவழித்துவிட்டது. மூளையின் சில இடங்கள் பட்டினி கிடந்து சேதமாகின்றன. வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவரித்த நோய்; பெரும்பாலும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு வருவதாக நாம் அறிந்தது. ஒரு துளி சாராயம் அறியாத பெண்ணுக்கு, பிள்ளை உண்டானதால் வந்திருந்தது. “முதல்ல தயமின். அது போகாம ஒரு பாட்டில் குளுக்கோஸ்கூட இந்த வார்டுல தொங்கக் கூடாது” என்றார் அந்த அம்மா. ஊசி விலை மிகச் சொற்பம். சோடியத்தையும் அவசரமாக ஏற்றாமல் நாள் கணக்கில் மெல்ல ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டு பாதிக்கப்படும். சில நாளில் கண் துடிப்பு அடங்கியது. நேராக நடக்க அவளுக்கு மாதங்கள் பிடித்தன.

இந்த அளவுக்கு விட்டதற்கு யாருடைய கொடுமையும் காரணமல்ல என்றே நினைக்கிறேன். மசக்கைதானே என்கிற நினைப்பு ஒன்று. மருந்துப் பயம் இன்னொன்று. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையைக் குமட்டலுக்காகக் கர்ப்பிணிகள் விழுங்கினார்கள். கை கால் குறைந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1961இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவி, பாதுகாப்பான மருந்துகளின்மேலும் படிந்துவிட்டது. நம் வீடுகளில் ‘மாசமா இருக்கும்போது மாத்திரை கூடாது’ என்பது அதற்கும் முன்பிருந்தே உள்ள பேச்சு. டாக்சிலமினும் பி6ம் சேர்ந்த மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் மாமியார் அலமாரியில் அது பிரிக்கப்படாமல் இருக்கும்.

கடந்த நூற்றாண்டில் மேல்நாட்டு மருத்துவர்கள் பலர் இதைவிட மோசமாகவும் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை வேண்டாம் என்ற உள்மன எண்ணமே வாந்தியாக வருகிறதாம். குடும்பத்தைப் பார்க்கவிடாமல் தனி அறையில் வைப்பதே சிகிச்சையாம். படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஜன்னலில் நின்றவளிடம் ‘மனசைத் தைரியமா வச்சுக்கோ’ என்று நான் சொன்னதும் அதே பரம்பரையில் வந்த சொல்தானே.

2024 தொடக்கத்தில், பயிற்சிக்கு வந்திருந்த இளம் மருத்துவர் ஒருவர் லேபில் தேநீர் குடித்துக்கொண்டே கைபேசியில் ஒரு கட்டுரையைக் காட்டினார். “மேடம், நீங்க எப்பவும் கேப்பீங்களே, எச்.சி.ஜி. இல்லேன்னா வேற எதுன்னு. இதோ.” 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்தது. அவரை உட்காரவைத்து வரிவரியாகச் சொல்லச் சொன்னேன்.

மார்லினா ஃபெய்சோ என்ற அமெரிக்க மரபணு ஆய்வாளர். 1999இல் அவருக்கே இந்த நோய் வந்து, படுக்கையில் அசைய முடியாமல் கிடந்து, குழாய் வழி உணவு கொடுத்தும் பதினைந்தாம் வாரத்தில் பிள்ளையை இழந்தவர். அவர் சொன்ன வேதனையையும் மருத்துவர் நம்பவில்லை. அதன் பிறகு இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். மரபணுச் சோதனை நிறுவனம் ஒன்றிடம் எச்சில் கொடுத்திருந்த ஆயிரக்கணக்கான பெண்களின் தரவை அலசி 2018இல் ஒரு புரதத்தின் பெயரை வெளியிட்டார்: ஜி.டி.எஃப்.15. கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் ஓராஹில்லி குழுவும் சேர்ந்து 2023இல் வந்தது அடுத்த கட்டம்.

ஜி.டி.எஃப்.15 நம் எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் உண்டு. உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது செல்கள் வெளிவிடும் புரதம். புற்றுநோயில் ஏறும், பசி செத்து உடம்பு கரைவதில் அதற்குப் பங்குண்டு. மூளையின் அடிப்பகுதியில், வாந்தியைத் தூண்டும் இடத்தில் மட்டும் அதற்கு ஒரு ஏற்பி இருக்கிறது என்பதை 2017இல் கண்டுபிடித்தார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இது ஏராளமாக இருக்கிறது என்று சிட்னியில் இதை ஆராய்ந்த குழு 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டது. பீடிக்காரப் பெண் என் ஜன்னலுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து. எழுதப்பட்டது ஓரிடத்தில் இருந்தது, வாந்தி எடுத்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

தொழில்காரியாக என்னைக் கட்டிப்போட்டது அவர்கள் அதை அளந்த விதம். இந்தப் புரதத்தில் 202ஆம் இடத்தில் சிலருக்கு ஹிஸ்டிடின், சிலருக்கு அஸ்பார்டிக் அமிலம். ஒரே ஒரு அமினோ அமில வித்தியாசம். புழக்கத்தில் இருந்த கிட் சிலவற்றின் எதிர்ப்பொருள் இரண்டாவது வகையைச் சரியாகப் பிடிக்காது, அளவைக் குறைத்துக் காட்டிவிடும். ஆகவே அந்த வித்தியாசத்தால் ஏமாறாத முறையைத் தேர்ந்தெடுத்து அளந்தார்கள். பிறகு அந்தத் தொல்லையையே கருவியாக்கிக்கொண்டார்கள். தாய்க்கு ஒரு வகை மட்டும், பிள்ளைக்குத் தகப்பன் வழியாக இன்னொரு வகையும் இருந்தால், தாயின் ரத்தத்தில் உள்ள புரதத்தை நிறை நிறமாலைமானியில் வகைபிரித்து எது யாருடையது என்று சொல்லிவிடலாம் அல்லவா? பிரித்தார்கள். பெரும்பகுதி பிள்ளையும் நஞ்சுக்கொடியும் அனுப்பியது. என் வாழ்நாளில் படித்த அழகான சோதனைகளில் இது ஒன்று.

ஆனால் எல்லாக் கர்ப்பத்திலும்தான் பிள்ளை அனுப்புகிறது. கட்டிலில் கிடப்பவளுக்கு மட்டும் ஏன் இப்படி? அவள் ரத்தத்தில் இந்தப் புரதம் சராசரியைவிடச் சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான். கதவைத் திறந்த சாவி வேறு. கர்ப்பத்துக்கு முன்பு யாருக்கு இது பிறவியிலேயே குறைவாக இருந்ததோ அவர்களுக்குத்தான் அடி பலமாக விழுகிறது. 211ஆம் இடத்து சிஸ்டீன் மாறிப்போன அரிய மரபணு உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் வெளியே சுரப்பதே குறைவு. அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு.

நான் பிறந்த வீடு நெசவாளர் தெருவில் இருந்தது. இரண்டு பக்கமும் விசைத்தறி. பகல் இரவு ஓயாத சத்தம், எங்களுக்கு அது காதிலேயே விழாது. பிள்ளைகள் அதன் நடுவில் தூங்கும். அமைதியான மலையோர ஊரிலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த அத்தை ஒருத்தி முதல் மாதம் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பலவீனமானவள் என்று பேசினார்கள். அவள் காது பழகியிருந்தது அமைதிக்கு. அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், இந்தப் புரதம் கர்ப்பம் வளர வளர இறங்குவதில்லை. பிரசவம்வரை அதிகமாகவே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு நான்கைந்து மாதத்தில் வாந்தி ஓய்வது சத்தம் குறைந்ததால் அல்ல, உடம்பு அதற்குப் பழகியதால் என்றுதான் தோன்றுகிறது.

இதற்கு ஒரு சாட்சி இலங்கையிலிருந்து வந்தது. பீட்டா தலசீமியா உள்ளவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே ரத்தத்தில் ஜி.டி.எஃப்.15 மிக அதிகம். அப்படிப்பட்ட பெண்கள் கர்ப்பமானால்? களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் அங்கிருந்த தலசீமியாத் தாய்மார்களைத் தேடிக் கேட்டார்கள். சிறு கூட்டம்தான். மற்றத் தாய்மார்களில் பாதிக்கு மேல் குமட்டல், வாந்தி என்றார்கள். தலசீமியா உள்ளவர்களில் ஏறக்குறைய யாருமே இல்லை என்றார்கள். வாழ்நாளெல்லாம் ரத்தம் ஏற்றிக்கொண்டு பாடுபடுகிற பெண்களுக்கு இந்த ஒரு துன்பம் மட்டும் விலக்கு. இதிலிருந்து ஒரு வழி தெரிகிறது: கர்ப்பத்துக்கு முன்பே இந்தப் புரதத்தை மெல்ல உயர்த்தி உடம்பைப் பழக்கினால் என்ன? சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் அதை ஓரளவு உயர்த்தும் என்பதால் அதைக்கொண்டு முயல்கிறார்கள். அளவை அடக்கவோ ஏற்பியை அடைக்கவோ மருந்து தேடுவது இன்னொரு வழி.

எங்கள் லேபில் ஜி.டி.எஃப்.15 பார்க்கும் வசதி இல்லை. நான் ஓய்வுபெறும் வரை வரவில்லை. அதை அளந்து சிகிச்சை செய்யும் காலமும் இன்னும் வரவில்லை.

ஓய்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிரசவ வார்டிலிருந்து ஒரு சீட்டு. யூரின் அசிட்டோன். இப்போது ரோத்தரா இல்லை, நிறம் மாறும் பட்டைதான். நில். சீட்டை ஆயாவிடம் கொடுக்காமல் நானே மாடிக்கு எடுத்துப் போனேன். பத்து வாரக் கர்ப்பிணி. கட்டிலின் கீழே எச்சில் துப்பும் டம்ளர். கர்ப்பிணி அட்டையை வாங்கிப் பார்த்தேன், ஆறாம் வாரத்தில் 51 கிலோ. ஸ்டாஃப் நர்ஸும் நானும் தாங்கிப் பிடித்து எடை மெஷினில் ஏற்றினோம். 45.5. சீட்டில் ‘நில்’லுக்குக் கீழே அதை எழுதினேன். டாக்டர் அம்மா வந்ததும் காட்டிவிட்டு, அன்று வீட்டுக்கு அனுப்புவதாக இருந்ததை நிறுத்திவைக்கச் சொன்னேன். அவர் ஏற்கெனவே தயமின் எழுதியிருந்தார்.

மாமியார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். தறிச் சத்தத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சுவரோரமாகத் தரையில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார், வந்ததிலிருந்து வாய் திறக்காமல். நார்வேயில் 2010இல் வந்த ஒரு பெரிய ஆய்வு எனக்கு ஞாபகம் வந்தது. தாய்க்கு இந்த நோய் இருந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. மகன் வழியில், அவன் மனைவிக்கு, அப்படிக் கூடுவதில்லை.

“இவ உங்க வயித்துல இருக்கும்போது உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

அவர் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் ஆயிற்று. “அஞ்சு மாசம் பாயை விட்டு எந்திரிக்கலம்மா. செவத்தப் பாத்துக்கிட்டே கெடந்தேன். இன்னிக்கு வரைக்கும் யாருட்டயும் சொன்னதில்ல.”

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.